ஏஞ்சல் மீன் குஞ்சு பொரிச்ச தொட்டியில வெள்ளைப்புள்ளி நோய் வந்துருச்சு, மருந்து ஊத்தலாமா?

கும்பகோணத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார்: "சார், 3 அடி தொட்டியில ஒரு ஏஞ்சல் ஜோடி இருக்கு. மூணு தடவை முட்டை போட்டு மூணு தடவையும் அதுங்களே தின்னுடுச்சு. இப்ப நாலாவது தடவை, வியாழக்கிழமை சாயந்தரம் அமேசான் ஸ்வார்ட் செடி இலையில போட்டுச்சு, சனிக்கிழமை ராத்திரி பொரிச்சிருச்சு. இலையில வாலை ஆட்டிட்டு கொத்தா ஒட்டிட்டு இருக்கு, 200க்கு மேல இருக்கும். ஆனா இன்னைக்கு காலையில பாத்தா நியான் டெட்ரா மேலயும் ஆண் ஏஞ்சல் செட்டை மேலயும் உப்பு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி. டெட்ரா வாங்கி பத்து நாள்தான் ஆகுது. கடையில கேட்டா பச்சை மருந்து ஒரு மூடி ஊத்துங்க, மூணு நாள்ல போயிடும்னாங்க. குஞ்சு இருக்கும்போது ஊத்தலாமா? மழையில ராத்திரி கரண்ட் வேற போயிட்டுப் போயிட்டு வருது. எல்லாம் செத்துருமோன்னு பயமா இருக்கு சார்."

தம்பி, முதல்ல அந்த மூடியை மூடி வச்சிடுங்க. குஞ்சு இருக்கிற தண்ணியில ஒரு சொட்டு கூட வேண்டாம். அந்த பச்சை மருந்துல இருக்கிறது பெரும்பாலும் மாலகைட் கிரீன், சிலதுல கூடவே ஃபார்மலினும் கலந்திருக்கும், பெரிய மீனுக்கே அளவு கொஞ்சம் தவறினா ஆபத்து, நியான் டெட்ரா மாதிரி மீன் முழு அளவைத் தாங்காது, பொரிச்சு ரெண்டு நாள் ஆன குஞ்சு எப்படித் தாங்கும் சொல்லுங்க. அதுக்கு செதில் கிடையாது, செவுள் இன்னும் முழுசா உருவாகல, பாதி மூச்சை தோல் வழியாத்தான் விடுது. தண்ணியில எதைக் கலந்தாலும் நேரா உடம்புக்குள்ள போயிரும். நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிச்சு முடிச்ச புதுசுல இதே மாதிரி ஒரு பேட்ச் ஏஞ்சல் குஞ்சுக்கு லேபிள்ல போட்டிருந்த அளவை அப்படியே ஊத்தினேன், மறுநாள் காலையில தொட்டி அடியில வெள்ளையா ஒரு படலம் மாதிரி கிடந்துச்சு, அத்தனையும் குஞ்சு. பூச்சி கொன்னிருந்தா கூட கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதனாலதான் உங்க லெட்டரைப் பாத்ததும் இன்னைக்கே பதில் எழுத உக்காந்தேன்.

பயப்படாதீங்க. உங்களுக்கு இன்னும் நாலு நாள் கையில இருக்கு, அந்த நாலு நாள்தான் இதுல முக்கியமே. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இந்தப் பூச்சி எப்படி வாழுதுன்னு புரிஞ்சிட்டா மருந்து இல்லாமலே பாதி வேலை முடிஞ்சிரும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு காரணம் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்னு ஒரு ஒத்தை செல் உயிரி, மீன் வளர்க்கிறவங்க சுருக்கமா இக்குன்னு சொல்லுவாங்க. 1876ல ஃபூகேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வச்ச பேர் அது, நிறைய பிள்ளை பெத்த மீன் பேன்னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரியே ஒண்ணே ஒண்ணு நூத்துக்கணக்குல, சில சமயம் ஆயிரம் வரைக்கும் குட்டி போடும். நீங்க பாக்குற வெள்ளைப்புள்ளி மீனோட மேல்தோலுக்கு அடியில உக்காந்து தின்னு கொழுத்துட்டு இருக்கிற பூச்சி. அது தோலுக்குள்ள இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. கொழுத்ததும் மீனை விட்டு இறங்கி மணல்லயோ இலையிலயோ கண்ணாடியிலயோ ஒட்டிக்கிட்டு மேல ஒரு கூடு கட்டிக்கும், அப்பவும் மருந்து ஏறாது. அந்தக் கூட்டுக்குள்ள பிரிஞ்சு பிரிஞ்சு நூத்துக்கணக்கான குட்டியா வெளிய வந்து மீனைத் தேடி நீந்தும் பாருங்க, அந்த நேரத்துலதான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். அந்தக் குட்டிக்கு ஒரு ரெண்டு நாளைக்குள்ள மீன் கிடைக்கலைன்னா தானாவே செத்துரும், அதுக்கு வேற சாப்பாடு கிடையாது. கடைக்காரர் மூணு நாள்ல போயிடும்னு சொன்னதுக்கு காரணமும் இதுதான், மூணு நாள்ல புள்ளி மறையுறது பூச்சி கீழ இறங்கினதால, செத்ததால இல்ல. ஒரு வாரத்துல பத்து மடங்கா திரும்பி வரும்.

இந்த சுத்து எவ்வளவு வேகமா நடக்கும்ங்கிறது தண்ணி சூட்டைப் பொறுத்தது. குளுந்த தண்ணியில வாரக்கணக்கா இழுக்கும், நம்ம ஊர் 28, 29 டிகிரி தண்ணியில மீன் மேல மூணு நாலு நாள் இருக்கும், இறங்கின பிறகு ஒரு நாளைக்குள்ள குட்டி வெளிய வந்துரும். இப்ப உங்க குஞ்சைப் பாருங்க, சனிக்கிழமை ராத்திரி பொரிச்சது, வெள்ளிக்கிழமை வாக்குலதான் நீந்த ஆரம்பிக்கும், அது வரைக்கும் வயித்துல இருக்கிற மஞ்சக்கருதான் சாப்பாடு, ஒரே இடத்துல கொத்தா கிடக்கும். ஓடாது, ஒளியாது, சாப்பாடு கேக்காது. ஒரு குஞ்சு மேல இன்னைக்கே பூச்சி ஏறியிருந்தா கூட அது கீழ இறங்குற நாளும் குஞ்சு நீந்த ஆரம்பிக்கிற நாளும் கிட்டத்தட்ட ஒண்ணா வருது. இந்த நாலு நாளும் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை குஞ்சை சுத்தமான வேற தொட்டிக்கு மாத்திட்டே இருந்தா, இறங்கின பூச்சி கூடு கட்டி குட்டி போடுறதுக்குள்ள குஞ்சு அந்த இடத்துல இருக்காது. குட்டி வெளிய வந்து வெறும் தொட்டியில நீந்தி சாகும். மருந்தே இல்லாம பூச்சியை ஏமாத்துற வழி இது, குஞ்சுக்கு எந்தக் கெடுதலும் இல்ல.

எப்படிச் செய்யணும்னா, 20 லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப் ரெண்டு வாங்குங்க, சோப்பு போடாம வெறும் தண்ணியில கழுவி வெயில்லயோ, மழையா இருந்தா ஃபேன் அடியிலயோ நல்லா காய வைங்க. மணல் வேண்டாம், கல் வேண்டாம், செடி வேண்டாம், எல்லாமே பூச்சி ஒட்டிக்க இடம். தண்ணிதான் நிறைய பேர் தப்பு பண்ற இடம். பழக்கமான தண்ணின்னு பழைய தொட்டித் தண்ணியையே மொண்டு ஊத்துவாங்க, அதுலதான் பூச்சிக்குட்டி நீந்திட்டு இருக்கு, அதைக் கொண்டு போனா மாத்தினதே வீண். நீங்க வழக்கமா தொட்டிக்கு விடுற அதே போர் தண்ணியோ முனிசிபல் தண்ணியோ ஒரு நாள் முன்னாடியே பிடிச்சு வச்சு ஏர் ஓட விடுங்க, முனிசிபல் தண்ணின்னா குளோரின் போக்குற மருந்து கட்டாயம் போடணும். சூடு மட்டும் தொட்டியில இருக்கிற அளவுக்கே சரியா இருக்கணும், ஒரு டிகிரி கூட வித்தியாசம் வேண்டாம், கையை விட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க, தெர்மாமீட்டர் வைங்க. இன்னைக்கே மாத்தணும்ங்கிறதால பிடிச்சு வச்ச தண்ணி இல்லைன்னா, வீட்டுல டிரம்ல தண்ணி இருக்கும் இல்லையா, அது போதும்.

இலையை வெட்டி குஞ்சோட சேத்து டப்புல போடணும்னு தோணும், அதுதான் சுலபமும் கூட, ஆனா அந்த இலையில பூச்சிக்கூடு ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அதனால இலை வேண்டாம். ஏர் பம்புக்கு போடுற மெல்லிசு டியூப் இருக்கும் பாருங்க, அதை எடுத்து சைஃபன் மாதிரி இழுத்து குஞ்சை மட்டும் மெதுவா உறிஞ்சி ஒரு கிண்ணத்துல விடுங்க. தலையில பசை மாதிரி ஒண்ணு வச்சு ஒட்டிட்டு இருக்கும், டியூப் முனையில லேசா தட்டினா விட்டு வந்துரும். பெத்தவங்க ரெண்டும் ஓடி வந்து முட்டும், கையைக் கொத்தும், குஞ்சை வாயில எடுத்து வேற இலையில துப்பும், அதனால ஒரு கண்ணாடித் தடுப்பை நடுவுல போட்டுக்கோங்க. பாக்கவே மனசு கஷ்டமாத்தான் இருக்கும், முதல்தடவையா பிள்ளையைக் காப்பாத்தி வச்சிருக்குங்க, ஆனா அந்த ஆண் மீன் குஞ்சு பக்கத்துலயே நின்னு விசிறிட்டு இருக்கு, அது உடம்புல இருந்து இறங்குற பூச்சி அங்கேயே கூடு கட்டி, அதுல இருந்து வர்ற குட்டி குஞ்சு மேலதான் ஏறும். இப்ப பிரிக்கிறதுதான் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது.

கிண்ணத்துக்கு வந்த குஞ்சை நேரா டப்புல ஊத்தாதீங்க. புதுத் தண்ணி நிரப்பின மூணு கிண்ணம் வரிசையா வைங்க, ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு சொட்டு உறிஞ்சுற ஃபில்லரால, வாய் அகலமா இருக்கணும், கொஞ்சம் தண்ணியோட மட்டும் குஞ்சை எடுத்து மாத்துங்க. மூணு கிண்ணம் தாண்டுறதுக்குள்ள கூட வந்த பழைய தண்ணி ரொம்ப ரொம்ப நீர்த்துப் போயிரும், அதுல இருந்த பூச்சிக்குட்டியும் பெரும்பாலும் பின்னாடி தங்கிரும். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

டப்புல தண்ணி ஆறு இஞ்ச் உயரம் இருந்தா போதும். குஞ்சு அடியில கொத்தா கிடக்கும், பதறாதீங்க, பக்கத்துல ஒரு ஏர்ஸ்டோன் வச்சு லேசா குமிழி வர விடுங்க, கொத்து மெதுவா அசையுற அளவுக்கு, தூக்கி அடிக்கக் கூடாது. லிட்டருக்கு 1 கிராம் கணக்குல கல்லுப்பு, அதாவது 20 லிட்டருக்கு 20 கிராம், தனியா கரைச்சு முதல் டப்புல அடுத்து மாத்துறதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, அடுத்தடுத்து மாத்துற டப்புல முன்னாடியே அதே அளவு இருக்கட்டும். ஏஞ்சல் குஞ்சு இதை நல்லாவே தாங்கும். ஒரு சின்ன 50 வாட் ஹீட்டர் போட்டு 29ல நிறுத்துங்க. டப்பை பெரிய தொட்டி பக்கத்துல வைக்காதீங்க, குமிழி வெடிக்கும்போது தெறிக்கிற துளியில கூட இந்தப் பூச்சி போகும், குறைஞ்சது நாலஞ்சு அடி தள்ளி, முடிஞ்சா வேற ரூம்ல. மேல ஒரு மூடி போடுங்க. அந்தத் தொட்டியில விட்ட வலை, டியூப், கை, எதுவும் ஈரத்தோட டப்புக்கு வரக் கூடாது. காஞ்சு போனா பூச்சி செத்துரும், ஈரமா இருக்கிற வரைக்கும்தான் ஆபத்து. ஸ்பாஞ்ச் ஃபில்டர் பழசு நல்லா வேலை செய்யுதேன்னு அங்க இருந்து எடுத்துட்டு வந்து டப்புல போடுறது இன்னொரு பெரிய தப்பு, அந்த ஸ்பாஞ்ச் ஓட்டை ஓட்டையில கூடு கட்டிட்டு உக்காந்திருக்கும்.

நாளைக்கு காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவைன்னு டப் மாத்துங்க, காலியானதை கழுவி முழுசா காய வச்சுட்டு அடுத்த முறைக்கு எடுங்க. மாத்தும்போது வெள்ளையா பூஞ்சை பிடிச்ச முட்டை, செத்த குஞ்சு இருந்தா எடுத்துருங்க. மெத்திலீன் ப்ளூ போடலாமான்னு அடுத்து கேப்பீங்க, பொரிக்காத முட்டைக்கு பூஞ்சை வராம இருக்க அது நல்ல மருந்து, வெள்ளைப்புள்ளிக்கு அதை நம்ப முடியாது, உங்களுக்கு இப்ப தேவையில்ல.

குஞ்சுக்கு பூச்சி வந்துருச்சான்னு எப்படித் தெரியும்? பெரிய மீன் மேல மாதிரி அழகா புள்ளி தெரியாது. குஞ்சே 5 மில்லிமீட்டர்தான், கொழுத்த பூச்சி ஒண்ணு ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் வளரும், நம்ம முதுகுல ஒரு பூசணிக்காயைக் கட்டி விட்ட மாதிரி. ஒண்ணு ரெண்டு ஏறினாலே குஞ்சு போயிரும். சில சமயம் காத்துக் குமிழி ஒட்டிட்டு புள்ளி மாதிரியே இருக்கும், லேசா தண்ணியை அசைச்சா அது விட்டுப் போயிரும், பூச்சி போகாது. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளையா இல்லாம தங்கத்தூள் தூவின மாதிரி மினுமினுன்னு தெரிஞ்சா அது வெல்வெட்டுன்னு வேற ஒட்டுண்ணி, அது குஞ்சுங்களை இன்னும் வேகமா கொல்லும். அதுல வெளிச்சத்தை வச்சு உணவு பண்ணிக்கிற வகையும் உண்டு, அதனால டப்பை இருட்டாக்கணும், அப்படித் தெரிஞ்சா உடனே எனக்கு எழுதுங்க. அதுக்கு காப்பர் போடச் சொல்லுவாங்க, குஞ்சு இருக்கிற தண்ணியில காப்பர் எந்தக் காலத்துலயும் போடாதீங்க.

இப்ப பெரிய தொட்டிக்கு வருவோம், அங்க இருக்கிற டெட்ராவையும் பெத்தவங்களையும் விட்டுட முடியாது. குஞ்சை எடுத்த பிறகுதான் அங்க வைத்தியம். ஹீட்டரை ஒரே தடவையா ஏத்தாம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரின்னு 30 வரைக்கும் கொண்டு போங்க, அந்தச் சூட்டுல பெரும்பாலான இக் வகை சரியா பெருகாது, சில வகை அதையும் தாங்கும், அதனால உப்பும் சேத்துத்தான் போடணும். சூடு ஏற ஏற தண்ணியில ஆக்சிஜன் குறையும், 25 டிகிரியில லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் கரையும்னா 30ல 7.5தான், பூச்சி செவுள்லயும் உக்காந்திருக்கிறதால மீன் ஏற்கெனவே மூச்சுக்கு திணறிட்டு இருக்கும், அதனால ஏர் ரெண்டு மடங்கா ஓடணும்.

உப்புக்கு தண்ணி எவ்வளவுன்னு சரியா கணக்குப் போடணும். உங்க தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், உயரம் ஒன்றரை அடின்னு வச்சுக்கிட்டா நாலரை கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், மொத்தம் 127. ஆனா விளிம்பு வரைக்கும் ஊத்த மாட்டோம், மணலும் கல்லும் இடம் பிடிக்கும், நிஜத்துல 110 லிட்டர்தான் இருக்கும். மருந்து ஊத்துறவங்க பாதிப் பேர் 127க்கு கணக்குப் போட்டு மீனைக் கொல்றாங்க. லிட்டருக்கு 2 கிராம்னா 220 கிராம் கல்லுப்பு, மளிகைக் கடையில நிறுத்து வாங்கிக்கோங்க, கரண்டிக் கணக்கு வேண்டாம். மூணா பிரிச்சு 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு, கரைச்சு ஊத்தணும். கோரி, லோச் மாதிரி அடியில திரியுற மீன் இருந்தா பாதி அளவுதான். செடி கொஞ்சம் வாடும், அந்த ஸ்வார்ட் செடி கொஞ்சம் இலை உதிர்த்தாலும் திரும்ப வரும். உப்பு ஆவியாகாது, அதனால தண்ணி வத்தினா வெறும் தண்ணி ஊத்துங்க, தண்ணியை வெளிய எடுத்து மாத்தினா மட்டும் எடுத்த அளவுக்கு உப்பு சேருங்க.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மணலை சைஃபன் பண்ணி கால் பங்கு தண்ணி மாத்துங்க, கூடு கட்டி உக்காந்திருக்கிற பூச்சியில பாதி அந்த அழுக்கோட வெளிய போயிரும். கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ஒரு வாரம் விடாம இதே மாதிரி நடத்தணும், மொத்தம் ரெண்டு வாரம் ஆகும். ஆறு நாள் ஆகியும் புள்ளி ஏறிட்டே போனா அப்ப அந்த பச்சை மருந்தை, டெட்ரா இருக்கிறதால பாதி அளவுல, பெரிய தொட்டியில மட்டும் யோசிக்கலாம், கைக்கு கிளவுஸ் போட்டுட்டு, சின்னப் பிள்ளைங்க தொடாம. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.

கரண்ட் போறதைப் பத்தி எழுதியிருந்தீங்க. ஐப்பசி கார்த்திகை மழையிலதான் எனக்கு வெள்ளைப்புள்ளி லெட்டர் குவியும், சென்னை கொளத்தூர்ல மீன் வளர்க்கிறவங்களும் இதே சீசனைத்தான் பயந்து பாப்பாங்க. ராத்திரி ஹீட்டர் நின்னு தண்ணி 29ல இருந்து 25க்கு இறங்கி காலையில திரும்ப ஏறுது, அந்த ஏத்த இறக்கத்துல மீனுக்கு எதிர்ப்பு சக்தி குறையுது, டெட்ராவோட வந்த நாலஞ்சு பூச்சி அதைப் பிடிச்சிக்குது. தொட்டியைச் சுத்தி தெர்மாகோல் ஒட்டுங்க, டப்பை போர்வை போட்டு சுத்துங்க, பேட்டரில ஓடுற ஒரு ஏர் பம்ப் வாங்கி வைங்க. ஹீட்டர் ரெண்டு மணி நேரம் நின்னாலும் பரவாயில்ல, ஏர் நின்னா அடியில கொத்தா கிடக்கிற குஞ்சு முதல்ல போகும்.

வெள்ளிக்கிழமை குஞ்சு எழுந்து நீந்த ஆரம்பிச்சதும் டப் மாத்துறதை நிறுத்திடலாம், அதுக்கு மேல மாத்துற அலைச்சல்தான் கெடுதல். அன்னைக்கே சாப்பாடு வேணும், ஆர்ட்டீமியான்னு உப்புத் தண்ணியில வளர்ற குட்டி இறால் மாதிரி உயிரி இருக்கு, அதோட முட்டையை வியாழக்கிழமையே பொரிக்கப் போட்டுருங்க, லிட்டருக்கு 25, 30 கிராம் உப்பு, நல்ல வெளிச்சம், நல்ல ஏர், 28 டிகிரியில ஒரு நாள் ஆகும். வேட்டித் துணியில வடிகட்டி நல்ல தண்ணியில அலசிக் குடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. குஞ்சு வயிறு ஆரஞ்சு கலர்ல உருண்டையா தெரிஞ்சா சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம், படிக்கிற காலத்துல தூத்துக்குடி உப்பளத்துல அந்தச் சிவப்புக் கலர் ஆர்ட்டீமியாவை வலை போட்டுப் பிடிச்சிருக்கேன், உப்புத் தண்ணியில வளர்றதால நம்ம நல்ல தண்ணி ஒட்டுண்ணி எதுவும் அது கூட வராது, குஞ்சுக்கு அதை விட நிம்மதியான சாப்பாடு எனக்குத் தெரியாது. டியூபிஃபெக்ஸ் புழு வேண்டவே வேண்டாம், அது சாக்கடை ஓரத்துல இருந்து வர்றது. மிச்சம் கிடக்கிற ஆர்ட்டீமியாவை சாப்பாடு முடிஞ்சதும் உறிஞ்சி எடுங்க, தினமும் பாதி தண்ணி மாத்துங்க, ஃபில்டர் இல்லாத டப்புல அமோனியா ஏறினா அதுலயே குஞ்சு போயிரும், அப்ப நோய்னு நினைச்சு மறுபடி மருந்தைத் தேடுவீங்க.

இவ்வளவும் செஞ்சாலும் 200ம் பிழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஏற்கெனவே செவுள்ல பூச்சி ஏறின குஞ்சு நீந்த ஆரம்பிக்கிற அன்னைக்கு, ஆக்சிஜன் தேவை கூடும்போது சரிஞ்சு விழும். ஒரு ஐம்பது அறுபது நிமிர்ந்து நின்னா கூட உங்க டப்புக்கு அதுவே நிறைய. பெத்தவங்க ரெண்டும் இன்னும் ரெண்டு வாரத்துல திரும்ப முட்டை போட்டாலும் ஆச்சரியம் இல்ல, அந்த முறை ஸ்லேட்டு ஒண்ணு சாய்ச்சு வச்சுட்டா முட்டையோட தூக்கி தனியா பொரிக்க வச்சுக்கலாம். புதுசா மீனோ செடியோ வாங்கினா மூணு நாலு வாரம் தனித் தொட்டியில வைக்காம இந்தத் தொட்டிக்குக் கொண்டு வராதீங்க.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள குஞ்சை மாத்திட்டு, நாளைக்கு காலையில டப் அடியில எத்தனை செத்துக் கிடக்குன்னு எண்ணி எழுதுங்க, ஆண் ஏஞ்சல் நிமிஷத்துக்கு எத்தனை தடவை செவுள் மூடித் திறக்குதுன்னும் எண்ணிக்கோங்க. அதைப் பாத்துட்டு பெரிய தொட்டிக்கு உப்பைக் கூட்டணுமா வேண்டாமான்னு சொல்றேன்.